எதிர்ச்சுற்று

தகரக் கொட்டகையைத் தாண்டியதும் திரும்பிவிட வேண்டும் என்றுதான் ஆவுடையம்மாள் நினைத்திருந்தாள். கொட்டகை வந்தது, பின்னால் போனது, கால்கள் அதுபாட்டுக்கு நேரே நடந்துகொண்டிருந்தன. சரி, அடுத்த சுற்றில். போன சுற்றிலும் இதைத்தான் சொன்னோம், அதற்கு முந்தின சுற்றிலும் இதைத்தான். அரிசி களைந்தால் மூன்று தண்ணீர், கொடியில் துணி போட்டால் விளிம்புக்கு விளிம்பு, எதையும் கணக்காகச் செய்கிறவளுக்கு ஒரு திரும்பலை மட்டும் மூன்று சுற்றாகச் செய்ய முடியவில்லை. பக்கத்தில் லோகா மைனி, அவள் வீட்டுக்காரரின் அக்காள், மூச்சு வாங்கிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தாள். மைனிக்கு நடை நின்றால்தான் பேச்சு நிற்கும். "பொருட்காட்சி போடுதோம்னு நம்ம நடையக் கெடுத்துட்டானுவளே. ஒன்றரை மாசம் நான் எங்கட்டி நடக்க? அடுப்படிக்கும் அடிபம்புக்குமா?" "மாடியில நடக்கலாம் மைனி." "மாடியில சுத்துனா எனக்குக் கிறுகிறுன்னு வரும். நீ வேணா நட." பள்ளிக்கூட வாசலில் பலகை வைத்துவிட்டார்கள், நாளை முதல் மைதானத்தில் யாருக்கும் அனுமதி இல்லை என்று. அப்படியானால் இன்றைக்குத்தான். ஒன்றரை மாதம் கழித்து இந்தத் துணிச்சல் இருக்குமா என்று யார் கண்டது. துணிச்சல் பால் பொங்குகிற மாதிரி, பொங்குகிற நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், அந்தப் பக்கம் போய்விட்டு வந்தால் ஆடை படிந்து கிடக்கும். ஆனால் திரும்புவது என்றால் சும்மாத் திரும்புவதா. இந்த மைதானத்தில் நடக்கிறவர்கள் எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். யாரும் சொல்லிவைத்ததில்லை, கோயிலைச் சுற்றிப் பழகின கால்கள், வட்டமாக எதைக் கண்டாலும் வலம் வந்துவிடுகின்றன. போலீஸ் வேலைக்குப் பழகுகிற பையன்கள் மட்டும் இடமாக ஓடுவார்கள். பந்தயத்தின் முறை அது, இடது கை உள்பக்கம் இருக்க வேண்டும், வளைவில் உடம்பு இடது பக்கம் சாய வேண்டும். எதிரே ஆள் வந்தால் "சைடு! சைடு!" என்று கத்திக்கொண்டே போவார்கள். அவள் ஓடுவதென்றால் அப்படித்தான் ஓட வேண்டும், வலமாக ஓடினால் அது ஓட்டமே இல்லை, உடம்புக்கு அது தெரியும். அப்படியென்றால் இத்தனை பேர் முகத்துக்கும் எதிரே ஓட வேண்டும். பால்கார வீட்டம்மா, பேங்க் மேனேஜர், ஜோடியாக வருகிற டீச்சர்மார், எல்லோருக்கும் நேருக்கு நேராக, அறுபத்தாறு வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

மழை வராமல் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கும்போது சட்டென்று பிடித்த மழை. எல்லோரும் ஐயோ ஐயோ என்று சிதறினார்கள். மைனி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினாள். ஆவுடையம்மாள் கொட்டகையைப் பார்த்து ஓடினாள். ஓடினாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலில் தெரிந்தது காதோரம் காற்று, அதன் பிறகு தரை. தரை காலை அடிக்கவில்லை, வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தது. கொட்டகைக்குள் முதல் ஆளாகப் போய் நின்றவளுக்கு, ஐயோ இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது கொட்டகை என்று இருந்தது. மழையில் நின்ற எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டிருக்க அவள் கொட்டகையைத் திட்டினாள். அன்றைக்கிலிருந்து கால் சும்மா இருப்பதில்லை. இட்லித் தட்டை எடுக்கப் போகும்போது குதிகால் தானாக எழும்புகிறது. போன வாரம் விடிகாலையில் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் விழித்துக்கொண்டு, "ஏளா, தூக்கத்துல எங்க போற வண்டியப் பிடிக்கப் போற? என் முழங்கால உதைச்சுத் தள்ளிட்டியே" என்றார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு எல்லாம் வண்டிதான். கனவுதாங்க என்று சொல்லிவிட்டாள். வேறு எதைச் சொல்ல? ஆனால் மழையில் ஓடினது மழைக்குப் பயந்து ஓடினதாகவும் இருக்கலாம். அதுதான் உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. நாய் துரத்தினால் யாரும் ஓடுவார்கள். துரத்த ஒன்றும் இல்லாமல், பிடிக்க ஒன்றும் இல்லாமல் ஓடினால் வருமா அது? வராவிட்டால்? பத்தடியில் மூச்சு முட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால்? அப்புறம் இந்த மூன்று வாரத்துச் சந்தோஷமும் போய்விடும். அதற்கு ஓடாமலே இருந்துவிடலாம், இருக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு. டாக்டர் நடக்கத்தான் சொன்னார், ஓடச் சொல்லவில்லை. ஓடக் கூடாது என்றும் சொல்லவில்லை. அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் சிரிப்பார் என்று கேட்கவில்லை.

கோயில் மதில் வந்தது. மைதானத்துக்குக் கிழக்கே அம்மன் கோயில், நீளமான மதில், அதை ஒட்டித்தான் இந்த நேர்ப்பாதை. காலைப் பூசை மணி இன்னும் அடிக்கவில்லை. அடித்தால் நடக்கிறவர்கள் எல்லோரும் அவரவர் இருந்த இடத்தில் நின்று, மதிலைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிறகுதான் நடப்பார்கள். அவளும்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் கன்னத்தில் போடும்போது விரல் நுனியில் ஒரு சின்ன முறைப்பு இருக்கும், அது அவளுக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரிந்தது. இதே மதில்தான். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், எட்டாம் வகுப்பில், ஊரிலிருந்து பஸ் ஏறி மாவட்டப் பந்தயத்துக்கு வந்து ஓடினது இதே மைதானம். ஒரு சுற்று, நானூறு மீட்டர். சுண்ணாம்புக் கோடு வெயிலில் கண்ணைப் பறித்தது. ஜெபமணி டீச்சர் அவளைத் தோளைப் பிடித்துக் கோட்டில் நிறுத்தி, "காலப் பத்தி நினைக்காத பிள்ள. கைய ஒழுங்கா வீசு, காலு தானா வரும்" என்றாள். விசில் அடித்தது. கையை வீசினாள். கால் வந்தது. எப்படி வந்தது! முதல் வளைவில் நாலு பேர் முன்னால் இருந்தார்கள், வாசல் பக்கம் வரும்போது இரண்டு பேர், கடைசி வளைவில் சாய்ந்து நிமிர்ந்தபோது முன்னால் ஒருத்தியும் இல்லை, வெறும் வெள்ளைக் கோடு, அதற்கு இரண்டு பக்கமும் யாரோ கத்துகிறார்கள், அது அவளுக்குக் கேட்கவில்லை, கேட்டது தன் மூச்சு மட்டும், அதுவும் வேறு யாரோ பக்கத்தில் சந்தோஷமாக விடுகிற மூச்சு மாதிரி. மதிலை ஒட்டிப் பாதி தூரம் வந்திருப்பாள். உச்சிக்காலப் பூசை மணி அடித்தது. கை போய்விட்டது. அவள் போகச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து மணி கேட்டால் கன்னத்துக்குப் போகிற கை, அன்றைக்கும் போனது. கை போனதும் கால் குழம்பியது, டீச்சர் சொன்னபடி. ஒரு தடுக்கல், இன்னொரு தடுக்கல், அவ்வளவுதான், இடது பக்கமாக ஒரு சிவப்பு ரிப்பன் அவளைத் தாண்டிப் போனது. கிழக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளை, நெட்டையானவள், பேர் தெரியாது. குதிகாலில் ஒரு மச்சம் இருந்தது தெரியும். முதல் பரிசு எவர்சில்வர் தூக்குவாளி. இரண்டாம் பரிசு சோப்பு டப்பா.

தோற்றதுகூட ஒன்றுமில்லை. தோற்றதற்காக ஊரே மெச்சியதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா தெரு முழுக்கச் சொன்னாள், எம்மவ பந்தயத்துலயும் சாமிய மறக்கலியே, பரிசு போனா போகுது, அம்மன் பாத்துக்கிடுவா என்று. பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஆவுடைக்கு வாய் வரைக்கும் வந்தது, நான் மறந்துதான் இருந்தேன், எல்லாத்தையும் மறந்துதான் இருந்தேன், அந்தக் கைதான் நினைவு வைத்துக்கொண்டது என்று. அவள் எதையும் சத்தமாகச் சொல்கிற ஆள் இல்லை. அந்த வருஷமே பெரியவளானாள், பள்ளிக்கூடம் நின்றது, ஓட்டமும் அதோடு. யாரும் ஓடாதே என்று கட்டளை போடவில்லை, ஓடுகிறதற்கு இடம் இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான். கொலுசு மாட்டினார்கள், தாவணி கட்டினார்கள், தண்ணீர்க் குடம் கொடுத்தார்கள். குடத்தோடு எப்படி ஓட? அப்புறம் கல்யாணம், இந்த டவுன், மூன்று பிள்ளைகள். ஆனாலும் ஓட்டம் அங்கங்கே சில்லறையாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. தூறல் விழுந்தால் மாடியில் காயும் வற்றலுக்கு ஓடுகிற ஓட்டம். படியேறி அது ஒரு பத்து விநாடி, அதற்காகவே அவள் வானத்தைப் பார்த்து வற்றல் போட்ட நாட்கள் உண்டு. அப்புறம் அந்த ரயில். மதுரைக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கினாள், குழாயில் தண்ணீர் நூலாக வந்தது, திரும்பினால் வண்டி நகர்கிறது. சன்னலில் அவர் முகம், பக்கத்தில் பிள்ளைகள் முகம், எல்லாம் அழுகிற முகம். செம்பை இறுக்கிக்கொண்டு ஓடினாள். தங்கள் பெட்டியைப் பிடித்தாள், பிடித்துவிட்டுத் தாண்டினாள், அடுத்த பெட்டியின் கதவில் போய் ஏறினாள். அவர் வந்து நடுங்கிக்கொண்டே வைதார். "நம்ம பெட்டிய விட்டுட்டு அதுக்கும் முன்னால எதுக்குட்டி ஓடுன?" தெரியவில்லை என்றாள். தெரியும். இன்னும் நாலு பெட்டி தாண்டியிருப்பாள், எஞ்சின் வரைக்கும் போயிருப்பாள், செம்பில் தண்ணீர் பாதி இருந்தது. அதற்கும் முப்பது வருஷம் ஆகப்போகிறது. அவருக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கப் போகிறது.

"என்னட்டி தானா சிரிக்க?" மைனி கையைத் தட்டினாள். "ஒன்னுமில்ல மைனி." "ஒன்னுமில்லாம சிரிச்சா டவுன்ல வேற பேரு சொல்லுவாக." வாசல் போனது, வேப்பமரம் போனது, சிமெண்டுப் பெஞ்சில் குற்றாலிங்கம் தன் கூட்டாளிகளோடு பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். மூட்டுவலிக்காரர்களின் பெஞ்சு அது, நடக்க வந்து உட்கார்ந்திருப்பார்கள். கொட்டகை வந்துகொண்டிருந்தது. "மைனி," என்றாள். "நீங்க இந்தக் கொட்டகையில கொஞ்சம் உக்காருதியளா?" "ஏன், உனக்குக் கிறக்கமா வருதா?" "இல்ல. நான் ஒரு சுத்து..." "ஒரு சுத்து?" "அந்தப் பக்கமா போயிட்டு வாரேன்." "எந்தப் பக்கமா?" மைனிக்கு விளங்குவதற்குள் அவள் முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகினாள், கொசுவத்தை ஒரு கை அளவு தூக்கிச் செருகினாள், மகள் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கான்வாஸின் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், இரண்டு கண்ணியும் ஒரே நீளம். திரும்பினாள். ஒரு வருஷமாக முதுகாக மட்டுமே பார்த்த மைதானம் முகமாக இருந்தது. எல்லாம் இடம் மாறி, எல்லாம் புதிதாக, வெயில் வேறு பக்கத்திலிருந்து. "ஏட்டி ஆவுடை, முழங்கைய மடக்கிட்டு எங்கட்டி போற?" என்று மைனி கேட்பது பின்னால் கேட்டது, ஏற்கெனவே பின்னால்.

கையை வீசு. வீசினாள். வளையல்கள் சத்தம் போட்டன, போடட்டும். முதல் நாலைந்து எட்டு நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் திண்டாடின, முழங்கால் யாரைக் கேட்டு என்று கேட்டது, மார்புக்குள் ஒரு கதவு இறுக்கமாகத் திறந்தது, அவ்வளவுதான் போல, வராது போல, மழைதான் அன்றைக்கு ஓடியது போல, கிழவி, போதும், யாரும் பார்ப்பதற்குள் நடந்துவிடு, கையை வீசு, பெஞ்சு வரைக்கும்கூட வேண்டாம், அந்தக் கல் வரைக்கும், கையை வீசு, அந்தக் கல் போய்விட்டது, எப்போது போனது. தரை வாங்கியது. வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஓ, நீ இங்கேதான் இருந்தாயா! எங்கேயும் போகவில்லையா! துரத்த ஒன்றும் இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை, வற்றல் நனையவில்லை, வண்டி நகரவில்லை, சும்மா, சும்மாதான் ஓடுகிறாள், சும்மா ஓடுவதற்குள்ளேயே அது இருக்கிறது. பேங்க் மேனேஜர் எதிரே வந்தவர் ஒதுங்கி வழிவிட்டார், டீச்சர்மார் இரண்டு பேரும் நடுவில் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள், அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று பார்வையைத் தரையில் வைத்திருந்தாள். தரையில் வைத்துக்கொண்டு எப்படி ஓட, நிமிர்ந்தாள். நிமிர்ந்தால் பெஞ்சு. நாலு பேப்பரும் இறங்கியிருந்தன. நாலு வாய் திறந்திருந்தது. "அண்ணாச்சி, அது உங்க வீட்டம்மால்லா?" என்றது ஒரு வாய். அவருடைய முகம் மட்டும் சிரிக்கவும் இல்லை, திகைக்கவும் இல்லை, தூரத்தில் வருகிற வண்டியின் போர்டைப் படிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தது. போச்சு, வையப்போகிறார், இத்தனை பேர் நடுவில். பெஞ்சுக்கு நேராக வந்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார், மூட்டுவலிக்காரர், எதையும் பிடிக்காமல். பேப்பரைச் சுருட்டிப் பெஞ்சில் இரண்டு அடி அடித்தார், கண்டக்டர் பஸ்ஸில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. "ரைட்! போலாம் ரைட்! ஏளா, இந்தத் தடவ எஞ்சினையும் தாண்டிருளா!"

அவருக்கு நினைவிருக்கிறது. அவருக்கு நினைவிருக்கிறது என்கிற நினைப்பு முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளியது. முப்பது வருஷமாக இரண்டு பேரும் அந்த ரயிலைத் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எஞ்சின் என்று அவள் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லையே, பின்னே எப்படித் தெரியும்? தூக்கத்தில் உதைத்தபோது உளறினாளா, அல்லது அன்றைக்கே அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரா, வைதுகொண்டிருக்கும்போதேவா? கேட்க வேண்டும், சாயங்காலம் காப்பி போடும்போது. வேப்பமரம் வந்தது, வாசல் வந்தது, மூச்சு நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கி அங்கே ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது, மூன்று எட்டுக்கு உள்ளே, மூன்று எட்டுக்கு வெளியே, அதை அவள் எண்ணவில்லை, அதுவே எண்ணிக்கொண்டது. வேகம் ஒன்றுமில்லை, அவளுக்குத் தெரியும், பக்கத்தில் யாராவது விறுவிறு என்று நடந்தால் முந்திவிடுவார்கள். சிவப்பு ரிப்பன் இப்போது எங்கே இருப்பாள்? அவளுக்கும் அறுபத்தாறு, மச்சம் அப்படியே இருக்கும், தூக்குவாளி துரு பிடிக்காது. நீயும் ஓடேன், என்று அவளிடம் சொன்னாள், நீ ஏன் நிறுத்தினாய், நான்தான் தோற்றேன். பின்னாலிருந்து போலீஸ் பையன்கள் நாலைந்து பேர் இரண்டு பக்கமும் பிரிந்து அவளைத் தாண்டினார்கள், ஒருவன் திரும்பிப் பார்த்து, "சூப்பர் ஆச்சி!" என்றான், போ ராசா என்று சொல்ல மூச்சு இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கடைசி வளைவு. இடது தோள் இறங்க வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்று உடம்பு மறக்கவில்லை, ஒரு நூல் கூடவும் இல்லை, ஒரு நூல் குறையவும் இல்லை. சாய்ந்தாள். நிமிர்ந்தாள். முன்னால் நேர்ப்பாதை, வலது பக்கம் முழுக்கக் கோயில் மதில், அதன் கோடியில் கொட்டகை, கொட்டகை வாசலில் மைனி.

அடிக்காதே, என்றாள் அம்மனிடம். வேண்டுதல் மாதிரி இல்லை, எதிர்வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள், ஒரு நிமிஷம் பொறுத்துக்கோ, நான் தாண்டிக்கிடுதேன், அப்புறம் நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடித்துக்கொள். மதிலின் பாதி வந்தது. அடித்தது. அன்றைக்கு அடித்தது ஓர் ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்த மணி, இன்றைக்குக் கரண்டு மேளம், மணியும் முரசும் தாளமும் ஒன்றாகச் சேர்ந்து காது கிழிய, இரண்டு மடங்கு சத்தமாக. முன்னால் நடந்து வந்த அத்தனை பேரும் நின்றார்கள். நின்று, மதிலைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டார்கள். பாதையின் அகலத்துக்கும் ஆட்கள், வரிசையாக, கைகூப்பி, ஒருவருக்கும் அவள் வருவது தெரியாது. நின்றுவிட வேண்டியதுதான். நல்ல காரணம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மெச்சக்கூடச் செய்வார்கள், சாமிக்காக நின்றாள் என்று. அந்த மெச்சல் ஐம்பத்திரண்டு வருஷமாக வாயில் இருக்கிற கசப்பு. வலது கை போய்விட்டது, அவள் போகச் சொல்லவில்லை, போனது, கன்னத்தைத் தொட்டது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். போகட்டும் என்று விட்டாள். கை பாட்டுக்குக் கும்பிட்டது. கால்? கால் குழம்பவில்லை. கால் வந்துகொண்டிருந்தது, கையைக் கேட்காமல், டீச்சரைக் கேட்காமல், அம்மனையும் கேட்காமல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வந்த வழியாகவே, ஆயுசில் எதையும் சத்தமாகச் சொல்லாத அந்தத் தொண்டையிலிருந்து, மேளத்துக்கும் மேலே வெளியே வந்தது: "சைடு! சைடு!"

மூடின கண்களெல்லாம் திறந்தன. பால்கார வீட்டம்மா ஒரு துள்ளுத் துள்ளி மதிலோரம் ஒட்டினாள், கூப்பின கைகள் கூப்பினபடியே இரண்டு பக்கமும் விலகின, நடுவில் பாதை திறந்துகொண்டது, வெறும் பாதை, அதில் யாரும் இல்லை, இடது பக்கமாகத் தாண்டிப் போக ஒருத்தியும் இல்லை. "யாரு தாயி அது?" என்று யாரோ கேட்டார்கள். கொட்டகை வாசலிலிருந்து மைனியின் குரல், மேளத்தை ஒன்றுமில்லை என்று ஆக்குகிற குரல், "எங்க தம்பி பொண்டாட்டி! பின்னே யாருன்னு நினைச்சிய?" என்றது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு பாதையின் நடுவுக்கே வந்துவிட்டாள். "நில்லுட்டி, போதும், வந்துட்ட! தண்ணியக் குடி!" கொட்டகை, ஒரு சுற்று, சொன்ன கணக்கு, கணக்கைத் தாண்டி அவள் எதையும் செய்தவள் இல்லை. மைனியின் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள், ஒரு மடக்குக் குடித்தாள், பாதித் தண்ணீர் முந்தானையில் கொட்டியது, பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க நேரமில்லை, வளைவு வந்துவிட்டது, இடது தோள் தானாக இறங்கியது.